சோபாக்காரன் செய்த கோடாரி

என் தம்பிக்குக் காது ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. யார் சொன்னாலும் வாங்கிக்கிறதுதான் கிடையாது.

சோபா செய்றவன். இருபத்து மூணு வருஷமா அதே வேலை. சட்டம் அடிச்சு, ஸ்பிரிங் கட்டி, நுரைப் பஞ்சு ஒட்டி, மேல ரெக்சினை இழுத்து அடிச்சான்னா யானை உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது. அந்தப் பெருமையிலதான் குடும்பத்தையும் கோட்டை விட்டான். பொண்டாட்டி எது சொன்னாலும் எனக்குத் தெரியும்னு ஒரே பேச்சு. அவ மகளைக் கூட்டிக்கிட்டுத் தனியாப் போய் மூணு வருஷம் ஆச்சு. இவன் என் வீட்டோட வந்துட்டான்.

அப்புறம் அவங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுக்கே கிளம்புறதா ஆச்சு. கிளம்புறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வீடியோ கேம்ல வர்ற ஆளுங்க மாதிரி வேஷம் போடுற போட்டி. மகளோட வேஷத்துக்கு ஆளுயரக் கோடாரி வேணும். மூணு வருஷத்துல அப்பன்கிட்ட அவ கேட்ட ஒரே பொருள் அதுதான். இதையாவது ஒழுங்கா செஞ்சு குடுத்தா, போற இடத்துலேர்ந்து போனாவது வரும்னு நம்பினான் பாவி. நானும் நம்பினேன்.

வெறும் நுரையில செய்யுங்கப்பா, லேசா இருக்கணும்னு மகள் போன்ல ரெண்டு தடவை சொன்னா. நான் பக்கத்துலதான் இருந்தேன். சரிடா சரிடான்னான்.

ரெண்டு மாசம் என் ஹால் பட்டறையாச்சு. கேம் படத்தைப் பாத்துப் பாத்து தரையில வரைஞ்சான், வெட்டினான், தேய்ச்சான், வெள்ளிப் பெயின்ட் அடிச்சான். சும்மா சொல்லக் கூடாது, நிஜ இரும்புன்னு நீங்க சத்தியமே பண்ணுவீங்க. ஒரு நாள் வீடு கூட்ட அதை நகர்த்தப் பாத்தேன், அசையல. உள்ள என்னடா வெச்சிருக்கேன்னு கேட்டா, பிடிக்குள்ள இரும்புக் குழாயாம், தலைக்குள்ள பலகைச் சட்டமாம். வெறும் நுரை மடங்கிடும், மேடையில பிள்ளை மானம் போயிடும்னான். தலையில அடிச்சுக்கிட்டேன். அவ சொன்னதைச் செய்டான்னு கத்தினேன்.

"எனக்குத் தெரியும்க்கா."

ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போனோம். மகள் வேஷத்தோட போட்டி நடக்கிற மண்டப வாசல்ல நின்னா. பாத்ததும் அவ முகம் மலர்ந்துச்சு, அதை மறக்க மாட்டேன். அங்க மேஜை போட்டு ஒவ்வொரு ஆயுதத்தையும் அழுத்திப் பாத்துத்தான் உள்ள விட்டாங்க. நம்மளதைத் தூக்கினவர் அப்படியே கீழ வெச்சிட்டார். யார் மேலயாவது பட்டா மண்டை உடையும், மரமும் இரும்பும் கூடாதுன்னு முன்னாடியே எழுதி அனுப்பினோமேன்னார்.

தம்பி சுவரோரமா உக்காந்து, குழாயை உருவிடலாம்னு கத்தியால அறுக்க ஆரம்பிச்சான். வருமா? அவன் ஒட்டினதாச்சே. நுரை பிஞ்சு பிஞ்சு வந்துச்சே தவிர, குழாய் அசையல. உள்ளேர்ந்து மகளைக் கூப்பிட்டாங்க.

"விடுங்கப்பா"ன்னா. "நான் லேசாத்தானே கேட்டேன்."

குரல்ல கோவமே இல்ல. வெறுங்கையோட மேடை ஏறி இறங்கினா. அதைக்கூடப் பாக்காம அவன் அறுத்துக்கிட்டே இருந்தான்.

அவங்க போய் அஞ்சு மாசம் ஆச்சு. ஒரு போன் இல்ல. அவன் பிறந்தநாளுக்கும் இல்ல.

போன வாரம் இன்னொரு கோடாரி செஞ்சு முடிச்சான். வெறும் நுரை. என் கையில குடுத்தான், ஒத்தைக் கையால தூக்கிட்டேன்.

"லேசா இருக்குல்லக்கா?"

ஆமாடான்னேன். வேற என்னத்தச் சொல்ல?