மச்சான் ஏறிய பனி ஏரி

வழிகாட்டி கீழே நீட்டிய விரல்தான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. காலையிலும் தலைச்சுற்றல் நிற்காவிட்டால் மச்சான் மலையிறங்க வேண்டும் என்று அவர் இந்தியில் சொன்னார். மச்சானுக்கு இந்தி தெரியாது. ஆனால் விரல் புரிந்துவிட்டது.

மச்சான் என் மனைவியின் அண்ணன், காலாப்பட்டு மீனவர். படகு கவிழ்ந்து கால் முறிந்ததிலிருந்து இரண்டு வருடமாகக் கடலுக்குப் போகவில்லை. எலும்பு கூடிவிட்டது, தைரியம்தான் திரும்பவில்லை. "இனிமே இவன் கரைக்குத்தான் லாயக்கு" என்று குப்பத்தில் அவர் காதுபடவே பேசினார்கள். தட்டாஞ்சாவடியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இமயமலையில் ஒரு பனி ஏரியைப் பார்க்கக் கிளம்பியபோது ஓர் இடம் காலியானது. "நான் வரேன் மாப்ள. அந்தப் பனி ஏரிய என் கால்ல நடந்து பாத்துட்டேன்னா, படகுலயும் ஏறிடுவேன்" என்றார்.

அவர் செய்தது கடற்கரைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மணலில் நின்றால் கால் புதையும் என்று ஓட்டமும் நடையுமாகவே பழகியவர், மலையிலும் அப்படியே ஏறினார். எங்களை ஆமை என்று கேலி செய்துகொண்டே முந்திப் போனார். அரை மணி நேரத்தில் தலை சுற்றி ஒரு பாறைமேல் சாய்ந்து கிடந்தார். அதற்குப் பிறகுதான் அந்த விரல்.

மறுநாள் காலை தலை தெளிந்திருந்தது. வழிகாட்டி அரைமனதாகச் சம்மதித்தார். நான் "மெதுவா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல மச்சானுக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, கரைவலை இழுக்கிற மாதிரி நடக்கத் தொடங்கினார். ஓர் எட்டு, ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு. கடலில் விரித்த பெரிய வலையைக் கரையிலிருந்து மணிக்கணக்காக இழுக்கிறவர்களுக்கு அதுதான் வழக்கம். கடைசி மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது நான்தான். "எழுந்திரு மாப்ள, வல பாதியில நிக்குது" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

மேட்டைத் தாண்டியதும் ஏரி தெரிந்தது. எதிர்க்கரையில் பனிப்பாறை அழுக்கு வெள்ளையாக நீர்வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் புல் முளைக்காத மலைகள், நடுவில் பச்சை கலந்த நீலத் தண்ணீர். மச்சான் ஷூவைக் கழற்றிவிட்டு முறிந்து கூடிய காலை அதில் வைத்தார், சுரீரென்றதும் இழுத்துக்கொண்டு சிரித்தார். "அலையே இல்லாத தண்ணிக்கு இவ்ளோ திமிரு பாரேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் விடியற்காலையில் காலாப்பட்டுக் கரையில் படகு தள்ளினார்கள். மச்சானும் தோள் கொடுத்தார். படகு மிதந்ததும் எல்லோரோடும் அவரும் ஏறினார். மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.