கிருத்திகையன்று கொதித்த கருவாட்டுக் குழம்பு

இன்றைக்கு எந்த நேரத்தில் டிவியைப் போட்டாலும் ஒருத்தி கரண்டியோடு நிற்கிறாள். நிற்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் டிவியில் முதன்முதலாகக் கிராமத்துச் சமையல் செய்தது யார் என்று பேச்செடுத்தால் மட்டும் எனக்குச் சுர்ரென்று ஏறும். அம்மியையும் மண்சட்டியையும் காமிராவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தவள் என் அத்தை. அது ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாமல் ஆக்கியவர் என் அப்பா. போய்ச் சேர்ந்தவரைத் திட்டாதே என்கிறாள் என் மகள். நான் திட்டத்தான் செய்வேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊரிலிருந்த எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். மாதர் சங்கத்தை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ஒரு சமையல் போட்டியில் அவள் வைத்த கத்தரிக்காய் கொத்சைத் தின்று பார்த்த தொலைக்காட்சி நிலையத்து அம்மாள், அடுத்த வாரமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். அப்போதெல்லாம் மகளிர் நிகழ்ச்சிக்கு வருகிறவர்கள் பட்டணத்து அம்மாக்கள். மேஜைக்குப் பின்னால் நின்றபடி கட்லெட்டும் கேக்கும் செய்து காட்டுவார்கள். அத்தை போன முதல் நாளே, "நின்னுகினு செஞ்சா எனக்குக் கை ஓடாதும்மா" என்று தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். காமிராவைத்தான் கீழே இறக்கினார்கள்.

ஐந்து வாரம் வந்தாள். களி கிண்டினாள், முருங்கைக்கீரை அடை தட்டினாள். தபால்காரர் அவள் பேருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் கொண்டுவந்தார். மணிமங்கலத்திலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ரேஷன் கடையில் யாரோ அப்பாவிடம், "டிவிக்காரம்மா அண்ணன் நீதானாப்பா?" என்று கேட்டார்கள். அப்பா பஞ்சாயத்து மெம்பர். அதுவரை எங்கள் வீட்டில் யாரையும் அவர் பேரைச் சொல்லித்தான் ஊரில் அடையாளம் சொல்வார்கள். அன்றைக்கு அவர் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். உப்பு அதிகம் என்றார். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆறாவது வாரத்துக்கு அத்தை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு செய்தாள். அன்று என்னையும் கூட்டிப்போயிருந்தாள். எனக்குப் பத்து வயது. நிலையத்தில் முதலில் சமைப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள், பிறகு ஒருநாள் போடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிஞ்சிய குழம்பைத் தூக்கில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்கு அடுத்த வாரம் அப்பா ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டார். காவடி எடுக்கிற வீடென்றால் கவுச்சி வாடையே ஆகாது. படைத்து முடிக்கிறவரைக்கும் சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ருசி பார்க்கக் கூடாது. அத்தை பருப்புக்கு உப்புப் போட்டுவிட்டு மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள்.

அந்தப் பாழாய்ப்போன நிலையத்தில், வேறு நாளே கிடைக்காததுபோல, கிருத்திகையன்று சாயங்காலம் அந்தக் குழம்பைப் போட்டார்கள். அத்தை ஊரில் இல்லை. வாராவாரம் நிகழ்ச்சி தருகிறோம், பேச வா என்று நிலையத்தில் கூப்பிட்டிருந்ததால் பட்டணம் போயிருந்தாள். அப்பா வல்லக்கோட்டையில் காவடி இறக்கிவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு பஞ்சாயத்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சுற்றி ஊரே இருந்தது. அத்தை திரையில் சிரித்துக்கொண்டே கருவாட்டைப் போட்டாள். கொதி வந்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து, "ஆங், இப்ப சரியா கீது" என்றாள்.

"அடப்பாவி! இன்னிக்கி கிருத்திகைடா! அண்ணன் காவடி தூக்குறாரு, தங்கச்சி மெட்ராஸ்ல குந்திகினு கருவாடு நக்கிகினு கீறா!" என்று எங்கள் பங்காளி ஒருத்தர் கத்தினார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். டிவியில் தெரிவது அந்த நிமிஷமே அங்கே நடக்கிறது என்றுதான் ஊர் நம்பியது. கிரிக்கெட்டை அப்படித்தானே காட்டினார்கள்! அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

நான் எழுந்து நின்று கத்தினேன். "அது இன்னிக்கி செஞ்சது இல்ல! மாலை போடறதுக்கு முன்னாடியே செஞ்சாச்சு! அப்பா, நீதான ரெண்டு வாட்டி ஊத்தித் துன்ன?"

பளாரென்று விழுந்தது அப்பாவின் அறை. காதில் ஙொய்யென்று சத்தம். இன்றைக்கும் அந்தக் காது எனக்கு மந்தம்தான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். ஒரு வருஷத்துக்கு, வாராவாரம் நிகழ்ச்சி, அவள் ஒருத்திக்கே. சம்மதக் கடிதம் மட்டும் எழுதிப் போட்டால் போதும். அந்தச் சந்தோஷத்தோடு வாசலில் கால் வைத்தவளை அப்பா அங்கேயே நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டதும் அவள் கலங்கவில்லை. "என்னிக்கி செஞ்சதுன்னு உனக்குத் தெரியும்ல? நீ ஒரு வார்த்தை சொல்லுண்ணா. நீ சொன்னா ஊரே கேக்கும்," என்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இந்த வூட்ல இருக்கணும்னா இனிமே அந்தப் பக்கம் போவக் கூடாது. போறதா இருந்தா அப்படியே போய்டு."

போக அவளுக்கு ஏது இடம்? அது தெரிந்துதானே சொன்னார்! விருப்பமில்லை என்று அவரே கடிதம் எழுதினார். கையெழுத்தை மட்டும் அவள் போட்டாள். தபால் பெட்டியில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். போட்டுவிட்டு வந்தேன். கிழித்து ஏரியில் எறிந்திருக்க வேண்டாமா? கேடுகெட்ட நான், ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வேறு போட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை கொல்லையில் அழுதுகொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுகையை நிறுத்த எனக்கு ஒரு பெரிய யோசனை தோன்றியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அப்பாவுக்கு டிவி எப்படி எடுக்குறாங்கன்னு புரில அத்தே. அதான் கோச்சிக்குது. ஒருவாட்டி அங்க கூட்டிகினு போய்க் காட்டிட்டா வுட்டுடும்."

அத்தை சாம்பல் கையால் என் வீங்கின கன்னத்தைத் தொட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்தாள். அவ்வளவு நல்ல யோசனை சொல்லியும் எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு அவள் மேல்கூடக் கோபம் வந்தது. அப்பாவுக்கு எப்படியாவது புரியவைத்துவிட வேண்டுமென்று அதற்கப்புறமும் ரொம்ப நாள் முயற்சி செய்துகொண்டிருந்தேன்.