ஊசிமுனை எங்கே?

ஊசி ஒடிந்தால் சாராள் முதலில் விரலைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், வெளிநாட்டுக் குழந்தைகளுக்குக் கவுன் தைக்கும் ஆலையின் பழக்கம் அது. ஒடிந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் தைத்த கவுன் கட்டு முழுவதும், உலோகம் இருந்தால் கத்துகிற ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் மறுபடி போகவேண்டும். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குழந்தையின் தோலை இத்தனை பேர் காக்கிறார்கள். தைக்கிறவளின் தோல் யார் பொறுப்பு?

சாராள் இதமான பெண் அல்ல. அடுத்தவர் பேச்சைப் பாதியில் வெட்டுவாள். கேட்காமலே ஊறுகாயை எடுத்துக்கொள்வாள். வேகம் குறைகிறதென்று எல்லாரும் ஊசிக்கு முன்னால் உள்ள விரல் தடுப்பைக் கழற்றிவிடுவார்கள், அவள் மாட்டாள். அதனாலேயே தைக்கும் எண்ணிக்கையில் எப்போதும் பின்தங்கினாள், பதவி உயர்வும் வரவில்லை.

"இன்னாக்கா, ஹெல்மெட் போட்டுகினு தைக்கிறியா?" என்பான் சூப்பர்வைசர் ஜெபக்குமார்.

"உன் வெரல கழட்டி எங்கிட்ட குடு, நானும் இத கழட்டிடறேன்."

பக்கத்து மெஷினில் இருக்கும் கவியா தடுப்பைக் கழற்றியவள்தான். ஒருநாள் ஊசி அவள் வலது கை விரலில் இறங்கி ஒடிந்தது. முனை கிடைக்கவில்லை. கவுன்கள் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாக வெளியே வந்தன. கவியாவின் விரலில் மருந்தறை நர்ஸ் பிளாஸ்டர் ஒட்டினாள். விரல் வீங்கிக்கொண்டே போனது.

"பெருக்கும்போது போயிருக்கும்" என்றான் ஜெபக்குமார்.

"தரையில இல்ல, துணியிலயும் இல்ல. அப்ப எங்கடா கீது?" என்றாள் சாராள்.

அந்த வாரம் நம் அரசும் கவுன் வாங்கும் நாட்டின் அரசும் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு ஆலைக்கு வந்தது. தொழிலாளர் நலத்தையும் வாங்குவோர் பாதுகாப்பையும் இனிச் சேர்ந்தே கண்காணிப்பது என்று இரு நாடுகளும் உடன்பட்டிருந்தன. நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். தனியறையில் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். பெயர் வெளியே போகாது, ஆலைக்குத் தெரியாது என்று உறுதி சொன்னார்கள். சாராள் முறை வந்தது.

"எனுக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விட்டாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு தையல் கூடத்தில், மேலாளர் ரவிச்சந்திரன் ஊசி கண்டுபிடிக்கும் இயந்திரத்தைக் குழுவுக்கு ஓட்டிக் காட்டினார். "எங்கள் ஊசி ஒன்றுகூட உங்கள் குழந்தைகளிடம் வராது" என்றார் பெருமையாக. சாராள் தன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கவியாவின் தோளைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"வளையல கழட்டு."

"வேணாங்க்கா, வேலை பூடும்."

"பூட்டா என்து போவட்டும். நீ வா."

முதலில் கவியாவின் இடது கையை இயந்திரத்தின் வாய்க்குள் விட்டாள். சத்தமில்லை. அடுத்து பிளாஸ்டர் போட்ட வலது கை. இயந்திரம் வீறிட்டது, பெல்ட் நின்றது. கூடத்தில் ஒவ்வொரு மெஷினாக ஓய்ந்தது.

"இன்னா சார், கத்துது? கவுனா இருந்தா எடுத்து ஓரமா வெச்சுருவீங்க. இத எங்க வெப்பீங்க?"

குழுவில் இருந்த மருத்துவர் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். கவியாவை உடனே காரில் ஏற்றி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரவிச்சந்திரன் சாராளிடம் தாழ்ந்த குரலில், "நாளைக்கு கேட்டைத் தாண்டி உள்ள வந்துடு, பாக்கலாம்" என்றார்.

"வருவேன் சார். ஷிப்டு எட்டு மணிக்குத்தான?"

இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. வேலை போய்விடும் என்று பயந்த ஒருத்தியின் கையை, அவள் மறுத்தபிறகும், அத்தனை பேர் முன்னால் பிடித்து நீட்டியவள் சாராள். அந்தக் கையில் ஊசி இருந்தது என்பதும் உண்மை.

கிளம்பும்முன் வெளிநாட்டு அதிகாரி அவளிடம் வந்தார். "அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாமே, உங்கள் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காதே" என்றார். தமிழில் சொன்னேன். சாராள் தன் கழுத்தில் புரண்டுகிடந்த அடையாள அட்டையை, பெயர் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டுக்கொண்டாள்.