கிரீஸ் தடவிய கிளட்ச் தகடு

என் அண்ணன் ஈஸ்வரன் இறந்து நாற்பது நாள் ஆகிறது. போர்ட் பிளேரில் பதினெட்டு வருடம் சொந்த வண்டி ஓட்டினார். கடைசி ஒரு வருடம் அடுத்தவர் லாரி ஓட்டினார். ஒன்று மற்றதாக மாறிய அந்த வாரத்தை எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

அவருடையது ஓட்டுநர் போக எட்டுப் பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. சுற்றுலாக்காரர்களை பாராடாங் குகைகளுக்கு ஏற்றிப்போவதுதான் பிழைப்பு. ஜிர்காட்டாங் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் துணையோடு கான்வாயாகக் காட்டுக்குள் அனுப்புவார்கள். உள்ளே ஜாரவா மக்கள் வாழும் காடு. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, பின்தங்கவும் கூடாது. ஆள் நிறைந்தால் அண்ணன் வண்டி ஏற்றத்தில் திணறும். இரண்டு முறை பின்தங்கியிருந்தது.

சவாரி தரும் டிராவல்ஸ்காரர் திருநாவுக்கரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஈஸ்வரா, மூணாவது தடவை நின்னுச்சுன்னா என் ஆபீஸ் பக்கமே வராத. வியாழக்கிழமை காலை கான்வாய், பார்ட்டி ஏழு பேர். ஓட்டிக் காட்டு."

வேறு யாரும் அவருக்குச் சவாரி தருவதில்லை. சவாரி இல்லாவிட்டால் வண்டியை வைத்திருக்க முடியாது.

அப்போது நான் சான்றிதழ் வாங்கச் சென்னை போயிருந்தேன். ஏற்றத்தில் என்ஜினுக்குக் கூடுதல் இழுப்புத் தரும் டர்போவும், அந்த இழுப்பைத் தாங்கும் கனத்த கிளட்ச் தகடும் வாங்கிவரச் சொன்னார். கையிருப்பு இரண்டையும் புதிதாக வாங்கப் போதாது.

"டர்போ புதுப்பேட்டையில பழசு பாரு. நடுவுல இருக்கற தண்டை விரலால ஆட்டிப் பாரு, லொட லொடன்னா வேணாம். கிளட்ச் தகடு மட்டும் புதுசு. அது தேயற சாமான், பழசுன்னா யாரோ தேச்சதுதான் கிடைக்கும்."

ஏழு கடையில் விரல் கறுக்கும்வரை ஆட்டிப் பார்த்தேன். எட்டாவது கடையில், விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய டர்போ அசையாமல் இருந்தது. போனில் சொன்னதும் அண்ணன் சத்தமாகச் சிரித்தார்.

"சபாஷ் புள்ள! கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் நல்லா கிரீஸ் தடவிடு. மறந்துடாத."

தீவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. உப்புக்காற்று மூன்று நாளில் இரும்பைத் தின்றுவிடும். கதவுக் கீல், தையல் மிஷின், எது கப்பலில் வந்தாலும் கிரீஸோடுதான் வரும். டர்போவுக்குத் தடவினேன். கிளட்ச் தகட்டுக்கும் இரண்டு பக்கமும் வழித்துத் தடவி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றினேன்.

கப்பல் ஒரு நாள் தாமதித்து புதன்கிழமை மதியம் வந்தது. நானும் அண்ணனும் நேராக மெக்கானிக் மீரான் பாயின் பட்டறைக்குப் போனோம். பாய் டர்போவைத் தூக்கிப் பார்த்து, "அரே வாஹ், மீனா! மெக்கானிக் ஆகிட்டியா நீ?" என்றார். பிறகு தகட்டின் தாளைப் பிரித்தார். தகட்டை விரலால் வழித்துப் பார்த்தார்.

"என்ன பாய்?" என்றார் அண்ணன்.

"இதுல கிரீஸ் படலாமா ஈஸ்வரா? இது உரசிப் பிடிக்கிற சாமான். நாலு நாளா ஊறியிருக்கு. பகட் நஹி கரேகா, பிடிக்காது. வழுக்கும்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் எல்லாத்துக்கும்னு சொன்னேன்" என்றார். "கழுவிப் பாருங்க பாய்."

பாய் பெட்ரோலில் கழுவினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், அடுப்பில் வாட்டினார். வாட்ட வாட்ட உள்ளே ஊறியது வியர்வைபோல மேலே வந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி வாட்டினார். பழைய தகடு ஆணிவரை தேய்ந்திருந்தது. அந்த மாடலுக்கு ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. பாம்பூஃப்ளாட்டில் ஒருவரிடம் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு அண்ணன் படகேறிப் போய், வெறுங்கையோடு திரும்பினார்.

"சமவெளியில ஓடும்" என்றார் பாய். "ஏத்தத்துக்கு நான் சொல்ல மாட்டேன்."

"மாட்டுங்க பாய். வேற வழி என்ன இருக்கு?"

வியாழக்கிழமை நானும் முன்னிருக்கையில் போனேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முதல் ஏற்றத்தில் வண்டி அதுவரை இழுக்காத மாதிரி இழுத்தது. பின்னாலிருந்த குஜராத்திப் பெரியவர் கைதட்டினார். அண்ணனின் முகத்தில் ஒரு நிமிடம் சிரிப்பு வந்தது. மூன்றாவது ஏற்றத்தில் என்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. தீய்ந்த வாடை வந்தது. முன்னால் போன வண்டிகள் வளைவில் மறைந்தன.

"சல், சல் மேரி மா, போம்மா தாயே" என்று ஸ்டியரிங்கோடு கெஞ்சினார் அண்ணன். வண்டி பின்னோக்கி ஓர் அடி நழுவியது. பிரேக்கை மிதித்து நிறுத்தினார்.

கடைசியில் வந்த போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, "ஃபிர் தும்?" என்றார், மறுபடியும் நீயா என்பதுபோல. பயணிகளை வேறு வண்டிகளில் பிரித்து ஏற்றினார்கள். எங்கள் வண்டியைக் கயிறு கட்டி, காடு முடியும் இடத்திலுள்ள படகுத்துறை வரை இழுத்துப்போனார்கள். அங்கே போய்ச் சேர்வதற்குள் திருநாவுக்கரசு போனில் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் இரண்டு முறை "சரி சார்" என்றார். என் பெயரைச் சொல்லவே இல்லை.

"அடுத்த கப்பல்ல போய் வேற தகடு வாங்கிட்டு வரேண்ணே" என்றேன்.

"எந்த வண்டிக்கு மீனா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பத்தாம் நாள் திக்லிபூர் பாக்குத் தோட்டக்காரர் ஒருவர் வண்டியை விலைக்கு வாங்க வந்தார். "டர்போ நல்ல சாமான், என் தங்கச்சி பாத்து எடுத்தது. கிளட்ச் தகட்டை மட்டும் மாத்தாம மலையேத்தாதீங்க" என்றார் அண்ணன். அவர் மகிழ்ந்துபோய், பணம் கொடுத்து வாங்கிய சாவியை, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லி அண்ணனிடமே நீட்டினார்.

அண்ணன் சாவியை வாங்கவில்லை. "நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றார்.