இல்லாத முதலாளியின் கோபம்

"இனிமே எனக்கு மேல முதலாளின்னு ஒருத்தன் இந்த உலகத்துல பொறக்கப் போறதில்ல."

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வாய் நிறையச் சோற்றோடு நம்மவன் செய்த பிரகடனம் இது. விழுங்கிவிட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால் வீரம் பொங்குகிற நேரத்தில் விழுங்கிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் பார்த்துவந்த வேலையை அன்று காலையில்தான் உதறிவிட்டு வந்திருந்தான். இளைஞர்கள் ஏன் சுயதொழிலில் இறங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிற பெரியவர்கள் மனஉறுதி, தொலைநோக்கு, சமூகச் சூழல், நிதி ஆதரவு என்று காரணங்களை அடுக்குவார்கள். அத்தனையும் நம்மவனுக்கும் பொருந்தும். கடைக்காரர் ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே, "உன்னையெல்லாம் வெச்சுக்கிட்டுக் கடை நடத்தறேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டபோது இவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அது மனஉறுதி. வைத்ததை மறுபடி எடுக்க வெட்கமாக இருந்தது. அது தொலைநோக்கு. கூடப் படித்தவன் ஒருவன் செல்போன் உறை விற்றே புது பைக் வாங்கி, அதை நாள் தவறாமல் இவன் கண்ணில் படும்படி நிறுத்திக்கொண்டிருந்தான். சமூகச் சூழல் என்பது அதுதான்.

நிதி ஆதரவு அக்காவின் கணவர். மாடிப்படிக்கு அடியில் ஸ்கூட்டர் நிறுத்தும் அறையை மனமுவந்து கொடுத்தார். மனம் உவந்ததா, அக்கா முறைத்ததில் தானாக உவந்துவிட்டதா என்பது குடும்ப ரகசியம்.

"மழைக்காலம் வர்ற வரைக்கும் வெச்சுக்க மாப்ள. அதுக்குள்ள நிமிர்ந்துட்டா சந்தோஷம். இல்லன்னா வண்டி நனைஞ்சிடும் பாரு" என்றார்.

பழைய கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஆக, மழைக்குள் நிமிர வேண்டும், தவறினால் அந்த வாசலில் போய்க் குனிய வேண்டும். படிக்கட்டுச் சரிவில் தினமும் தலை இடித்துக்கொண்டதில் குனிவதற்கான பயிற்சி மட்டும் நன்றாகவே நடந்தது.

முதல் வாடிக்கையாளர்கள் சொந்தக்காரர்கள். அத்தையின் மெஷின் தண்ணீர் ஒழுகியது, பெரியம்மாவினுடையது சுற்றவே மறுத்தது, சித்தப்பாவினுடையது சுற்ற ஆரம்பித்தால் அறை முழுக்க நடந்து கதவைத் தட்டியது. எல்லாவற்றையும் சரி செய்தான். கூலி என்று வாயெடுத்ததும் பெரியம்மா, உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்ததற்கு நான் கூலி கேட்டேனா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை அந்த அளவுக்குக்கூடச் சிரமப்படவில்லை. இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டார்.

வெளியாட்கள் பேரம் பேசினார்கள். வேலை முடியும்வரை தம்பி, கூலி என்றதும் யாரோ. நம்மவனுக்குக் கை ஓடுகிற வேகத்தில் வாய் ஓடாது. யாராவது, "என்னப்பா, நீதானே ஓனர், பாத்துக் கொறைச்சுக்க" என்று சொல்லிவிட்டால் போதும், ஓனர் என்ற சொல்லில் குளிர்ந்து பாதியாகக் குறைத்துவிடுவான். தெருமுனை திரும்பியதும் பல்லைக் கடிப்பான். தன் மேல் வந்த கோபத்தில் எரிந்து விழ, பக்கத்தில் ஒரு வேலையாள்கூட இல்லையே என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் நான்காவது மாடியில் ஒரு அம்மா, மெஷினைத் திறந்து மூடியதற்கு இவ்வளவா என்று பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து பட்டினி, லிஃப்டும் வேலை செய்யவில்லை. பொறுமை கழன்று, "என் கையில என்னம்மா இருக்கு, கொறைச்சா முதலாளி என்னைக் கொன்னுடுவாரு" என்று சொல்லிவிட்டான். எந்த முதலாளி என்று அவனுக்கே தெரியாது.

அந்த அம்மாவின் முகம் மாறியது. அடடா, திட்டுவாரா என்று கேட்டு முழுக்கூலியையும் கொடுத்து, குடிக்க மோரும் கொடுத்தார்.

நம்மவன் படியிறங்கும்போதே முதலாளியும் கூட இறங்கி வந்துவிட்டார். நான்கைந்து வாரத்தில் அவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தது, சந்தேக புத்தி வந்தது, தொலைபேசியில் மட்டும் பேசுகிற கரகரத்த குரல் ஒன்றும் வந்தது. அதற்கென்று தனியாக ஒரு போன் வாங்கினான். கடனுக்கு வேலை கேட்டால் முதலாளி விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை அத்தை கூப்பிட்டால் முதலாளி அனுப்பமாட்டார். "யாருடா அது?" என்று அத்தை கேட்டதற்கு, பெரிய ஆள் ஒருவர் பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறார், கோபக்காரர் என்று கூசாமல் சொன்னான். அத்தை அன்றோடு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதை நிறுத்தினார். ஒரு மனிதன் இல்லாமலேயே இத்தனை மரியாதை சம்பாதிக்க முடிகிறது, தான் இருந்தும் முடியவில்லையே என்பதுதான் நம்மவனின் புதுக் குமைச்சல்.

அப்போதுதான் பெண்கள் விடுதி வந்தது. வரிசையாக மெஷின்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஹேர்பின், பித்தான், ஒற்றைக் காதணி. விடுதிக்கார அம்மா எல்லாவற்றுக்கும் வருஷ ஒப்பந்தம் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைத்தால் சொந்தமாகக் கடை பிடிக்கலாம், நிமிர்ந்து நிற்கலாம்.

ஒருமுறை அந்த அம்மா முதலாளியிடமே பேச வேண்டும் என்று போன் செய்தார். நம்மவன் பாய்ந்து மொட்டை மாடிக்கு ஓடி, மூச்சிரைக்கக் கரகரத்த குரலில் எடுத்தான். பையன் நன்றாக வேலை செய்கிறான் என்று அவர் பாராட்டினார். இவனுக்குக் கூச்சமாகிவிட்டது. பாராட்டை மறுக்கிற பணிவில், "அவனா, அவனையெல்லாம் வெச்சுக்கிட்டுத் தொழில் நடத்தறேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று ஆரம்பித்து, தன்னைத்தானே நார் நாராகக் கிழித்துவிட்டுத்தான் வைத்தான். பழைய கடையில் வாங்கிச் சேர்த்ததெல்லாம் வட்டியோடு வந்தது. பேசி முடித்ததும் மனசு லேசாகக்கூட இருந்தது.

மறுவாரம் விடுதிக்கார அம்மா கூப்பிட்டனுப்பினார். வானம் கறுத்துக் கிடந்தது. நம்மவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

"ஒப்பந்தத்தை உங்க முதலாளிக்குக் குடுக்கறதா இல்ல தம்பி" என்றார் அந்த அம்மா. "பெத்த புள்ள மாதிரி இருக்கற உன்னை அந்தப் பேச்சுப் பேசறாரு. அவரு கையில என் பணம் போகக் கூடாது. நீ இங்கயே வேலைக்கு வந்துடு. மாசச் சம்பளம், மூணு வேளைச் சாப்பாடு."

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை.

"அம்மா, அந்த முதலாளியே நான்தாம்மா."

"இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினாரா?" என்றார் விடுதிக்கார அம்மா.

"சத்தியமாம்மா. அப்படி ஒரு ஆளே கிடையாது. நானே கட்டிவிட்ட கதை."

இரண்டாவது போனை எடுத்து மேசை மேல் வைத்தான். அதுவும் போதாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு கரகரத்த குரலில் இரண்டு வாக்கியம் பேசியும் காட்டினான். விடுதிக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டுக் கேட்டு அவரு மாதிரியே பேச வந்துடுச்சு பாரு உனக்கு" என்றார். "பயப்படாத. அவரு இங்க வந்து சத்தம் போட்டா நான் பாத்துக்கறேன்."

ஜன்னலுக்கு மேலிருந்த தகரத்தில் முதல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. நம்மவன் மேசை மேலிருந்த போனை எடுத்து, அணைத்து, பைக்குள் போட்டான்.

"காலைல எத்தன மணிக்கு வரணும்மா?" என்று கேட்டான்.