முதல் ஞாயிறு மன்னிப்பு

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரவேண்டும் என்று போதகர் முந்தின வாரமே சொல்லிவிடுவார். பெரும்பாலானவர்கள் அதைத் தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிதான் கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அப்படி முடியாது. எனக்கு மூக்கின் மேல் கோபம். மாதம் முழுக்க யாரிடமாவது சண்டை போட்டு வைத்திருப்பேன். அந்த யாராவது அநேகமாக எங்கள் கீழ்வீட்டு டீச்சராகத்தான் இருப்பார்.

பீர்க்கன்கரணையில் நாலு வீடு கொண்ட சின்ன அபார்ட்மென்ட் எங்களுடையது. டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட நூறு மடங்கு பொறுமைசாலி. கேட்டைச் சாத்தவில்லை என்று ஒரு நாள் கத்துவேன், படிக்கட்டில் செருப்பு கிடக்கிறது என்று இன்னொரு நாள். பிறகு முதல் ஞாயிறு வரும். காலை ஆறரைக்குப் பட்டுப் புடவை கட்டி, பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு, டீச்சர் வீட்டு மணியை அடிப்பேன்.

"டீச்சர், எதையும் மனசுல வச்சுக்காதீங்க."

"ஐயோ, பரவால்லக்கா, விடுங்க."

ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஆட்டோக்காரரைக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்க வைத்ததில்லை. எட்டு மணி ஆராதனையில் சுத்தமான மனசாட்சியோடு முழங்கால் போடுவேன். திங்கட்கிழமை மறுபடி கேட் திறந்து கிடக்கும்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. போன வருஷம், ஒரு முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, மாட்டிக்கொண்டேன்.

அன்று காலை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் நேராக டீச்சர் வீட்டு பால்கனியில் கொட்டியது. அங்கே அவர் அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். காபி எடுக்க உள்ளே போன நேரத்தில் ஒரு கட்டு முழுவதும் ஊறிவிட்டது. நனைந்த தாள்களோடு மேலே வந்து, "அக்கா, மோட்டார் நீங்க போட்டீங்களா?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே கோபம். "நாங்க ஏன் போடப்போறோம்? உங்க வீட்ல யாராவது போட்டுட்டு மறந்திருப்பீங்க. தனக்கே கவனம் இல்லாதவங்க பிள்ளைங்களுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கப்போறீங்க?" என்றேன். டீச்சர் நனைந்த தாள்களோடு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "ஜெபத்துக்கு உக்கார்றதுக்கு முன்னாடி நீதானே மோட்டார் போட்ட?"

போட்டது நான்தான். கால் மணி நேரத்தில் அணைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அன்று குடும்ப ஜெபத்தை நடத்தியவர் அவர். அவர் ஆரம்பித்தால் சொந்தக்காரர் ஒருவரையும் விடமாட்டார். கனடா விசாவுக்குக் காத்திருக்கும் மருமகன் வரைக்கும் அவர் போய்ச் சேருவதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நானும் ஆமென் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆறரைக்கு வழக்கம்போல மணி அடித்தேன். வழக்கமான வசனத்தையே சொன்னேன். டீச்சர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னிக்கு முதல் ஞாயித்துக்கிழமை இல்லக்கா? வருவீங்கன்னு நேத்தே தெரியும்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சர்ச்சுக்குப் போகணும்னு வர்றீங்க. எனக்காக ஒரு தடவையாவது வந்திருக்கீங்களா? இன்னிக்குப் பரவால்லன்னு சொல்ல வாய் வரலக்கா. நீங்க போயிட்டு வாங்க." கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

ஆராதனையில் திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு எல்லோருக்கும் வழி விட்டேன். எங்கள் சபையில் திருவிருந்துக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதும் மைக்கில் அறிவிப்பதும் ஒன்றுதான். நான் வாசலுக்கு வருவதற்குள், சபையார் பேச்சில் எனக்கு அல்சர் வந்துவிட்டது, போதகரோடு மனஸ்தாபமாகிவிட்டது, வேறு சபைக்கு மாறவும் முடிவு செய்திருந்தேன். வழக்கமாக இதற்கெல்லாம் நானே முதலில் சிரிப்பேன். அன்று அழுகைதான் வந்தது. டீச்சரை இழந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. இத்தனை மாதம் நான் கேட்டது மன்னிப்பே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான் செய்ததை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே என்று மறக்கிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும், நைட்டிக்கு மாறி, வெறுங்கையோடு இறங்கினேன். டீச்சர் ஹாலில் உட்கார்ந்து, காய்ந்து அப்பளமாகச் சுருண்டுபோன தாள்களை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என்ன, செவ்வாய்க்கிழமைகூட சர்ச் உண்டா?"

"இல்ல டீச்சர். மோட்டார் போட்டது நான்தான். போட்டுட்டு மறந்துட்டேன். தெரிஞ்ச பிறகும் ஞாயித்துக்கிழமை வந்து சொல்லல. உங்க வேலையைப் பத்தி நான் பேசினது ரொம்பத் தப்பு."

"நீங்கதான் போட்டீங்கன்னு தெரியும். காலைல நீங்க சுவிட்ச் போட்டுட்டுப் போனதப் பாத்திருந்தேன், அதான் மேல வந்து கேட்டேன்." இஸ்திரிப் பெட்டியைத் தாளிலிருந்து எடுத்து நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. "மோட்டாருக்காக எனக்குக் கோவமே இல்லக்கா. விடியக்காலைல நீங்க அடுப்பாண்ட நின்னு வேண்டிக்கிறது எங்க கிச்சன் ஜன்னல்ல கேக்கும். எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்தப்போ தினமும் அவர் பேரச் சொல்லி வேண்டிக்கிட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல. நான் தண்ணியக்கூடத் தொறக்காம நின்னு கேட்டுருக்கேன். அந்த வாய்தானேக்கா சனிக்கிழமை என்ன அப்படிப் பேசிச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்து, சுருண்ட ஒரு தாளை எடுத்து, அவர் பெட்டி வைக்க வசதியாக இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.