என் மாமியாரின் ஆட்சேபம்

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கிழவர்கள் என்னை ‘ஸ்வீட்ஹார்ட்’ என்று கூப்பிடுகிறார்கள். மாத்திரை கொடுக்கப் போனாலும், காலுறை மாட்டிவிட்டாலும் அதே சொல்தான். கனடாவுக்கு வந்த புதிதில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு அறைக்கு வெளியே வந்து நின்றிருக்கிறேன். பஸ் ஓட்டுநரும் காய்கறிக் கடைப் பெண்ணும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பின்னால் நான் கட்டிக்கொண்ட மனிதரோ அப்போதெல்லாம் என்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லால் அவருடைய விசா கையை விட்டுப் போகப் பார்த்தது.

கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். கல்யாணமான மறுவருஷமே என் முதல் கணவர் கயத்தாறு பக்கம் லாரி மோதி இறந்துபோனார். அதன் பிறகு வேலையே கதி என்று கிடந்தவள் நான். ஒரு சாயங்காலம், பந்து பட்டுப் புருவம் கிழிந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியை ஹாக்கி கோச் ஒருவர் அழைத்து வந்தார். தையல் போட ஊசியை எடுத்தோம். அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கூட வந்த கோச் பொத்தென்று கீழே விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “சிஸ்டர், நான் இங்கன விழுந்தத ஏம் பிள்ளையள்ட்ட சொல்லிராதீங்க.”

“உங்க பிள்ளதான் சார் உங்களத் தூக்கி உக்கார வச்சது” என்றேன்.

அவர் பெயர் மாரியப்பன். புதூர் பக்கத்துக் கிராமம். என்னைவிட வயதில் இளையவர். அதற்குப் பிறகு அவருடைய அணியில் யாருக்குச் சின்னச் சிராய்ப்பு என்றாலும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தது. எனக்குக் கனடா வேலை கிடைத்துக் கிளம்பியபோது எங்களுக்குள் எதுவும் பேசி முடிவாகியிருக்கவில்லை. பேசியதெல்லாம் போனில்தான். எனக்கு இங்கே நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் விடுமுறையில் போய்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். மேளம் இல்லை, பந்தல் இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு நண்பர்கள் மட்டும். அவருடைய அம்மா பாப்பம்மாள் வரவில்லை. ‘புருசனத் தின்னவ, அதுவும் மூத்தவ’ என்று ஊருக்கே கேட்கும்படி என்னை ஏசினார் என்று காதுக்கு வந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மகனோடும் பேச்சை நிறுத்திவிட்டார்.

கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஊரில் கல்யாணம் உண்மையா என்று யாரும் கேட்பதில்லை. பந்தியில் சாப்பிட்ட அத்தனை பேரும் சாட்சி. இங்கே அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். படங்கள், பயணச்சீட்டுகள், பேசிக்கொண்டதன் பதிவுகள், இரண்டு குடும்பமும் ஏற்றுக்கொண்டதற்கான அடையாளங்கள். எங்களிடம் இருந்த படங்கள் ஒரு கைக்குள் அடங்கும். அதனால் போனில் நாங்கள் எழுதிக்கொண்டதையெல்லாம் அச்செடுத்து, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி அனுப்பினேன். அவர் சொல்லுக்குச் சொல் நேர்மையாக மொழிபெயர்த்திருந்தார். ‘சாப்பிட்டீங்களா சிஸ்டர்’, ‘குளிருதா சிஸ்டர்’, ‘எப்ப வாரீங்க சிஸ்டர்.’ கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் அப்படித்தான்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மரியாதையான ஆங்கிலம். இந்தத் திருமணம் உண்மையானதுதானா என்று தமக்கு ஐயம் இருப்பதாகவும், கணவர் ஸ்பான்சரை, அதாவது என்னை, சகோதரி என்று அழைப்பதாகவும், திருமணப் படங்களில் மணமகனின் குடும்பத்தார் ஒருவர்கூட இல்லை என்றும், விளக்கம் தரும்படியும் எழுதியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அன்று வேலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடன் வேலை செய்யும் கேரல் என்ன ஏது என்று விசாரித்தாள். சொன்னேன். “உன் கணவர் என்ன செய்கிறார்?” என்றாள்.

“ஹாக்கி கோச்.”

கேரலின் கண் விரிந்துவிட்டது. “ஹாக்கியா! அதைச் சொன்னாயா அவர்களிடம்? ஹாக்கிக்காரனை இந்த நாடு வேண்டாம் என்று சொல்லுமா?” என்று கையைத் தட்டினாள். கொஞ்சம் யோசித்து, “உங்கள் ஊரில் பனி எத்தனை மாதம் இருக்கும்?” என்று கேட்டாள்.

இங்கே ஹாக்கி என்றால் பனித்தளத்தில் வழுக்கி ஆடுவது; கோவில்பட்டிப் புழுதியை அவளுக்கு எப்படி விளக்குவது? “எங்கள் ஹாக்கியில் பனி கிடையாது” என்றேன். “பனி இல்லாமல் எதன் மேல் வழுக்குவீர்கள்?” என்றாள். அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு தைரியமும் வந்தது. உண்மை நம் பக்கம் இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தானே வேண்டும் என்று அன்றே உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினேன். எங்கள் நாட்டில் நர்ஸ் என்றால் எல்லோருக்கும் சிஸ்டர்தான், எண்பது வயதுக்காரருக்கும் சிஸ்டர்தான் என்று எழுதி, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிச் சேர்த்தேன். அந்தச் சிக்கல் அதோடு தீர்ந்தது. குடும்பத்தார் விஷயம்தான் மீதி.

“அம்மாட்டப் போய் உள்ளதச் சொல்லுங்க” என்றேன் மாரியிடம். இப்போது நான் அவருக்குச் சிஸ்டர் இல்லை என்பதால் என் பெயரைச் சொல்லி இழுத்தார். “லட்சுமி... அவிய எம் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாவ.”

“விசாவுக்காகக் கெஞ்சப் போகாதீங்க. நம்ம கல்யாணம் பொய்யின்னு அதிகாரி நெனைக்காருன்னு மட்டும் சொல்லுங்க.”

போனார். மாமியார் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்க்கவில்லை. மாரி வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். குழையைக் கீழே போட்டுவிட்டு மாமியார் கேட்டாராம்:

“எவம்லே சொன்னது பொய்க் கல்யாணம்னு? பொய்க் கல்யாணத்துக்கா நான் ஒன் கால்ல விழுந்து வேண்டாம்னேன்? பொய்க் கல்யாணத்துக்கா நான் ஒங்கிட்டப் பேசாம கெடக்கேன்? எங்கன வந்து சொல்லணும், சொல்லு. நான் வாரேன்.”

மறுநாள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்துவிட்டார். நோட்டரி வக்கீல் வழக்கம்போல, ‘இத்திருமணத்தை நான் மனப்பூர்வமாக ஆசீர்வதிக்கிறேன்’ என்று எழுதி வாசித்துக் காட்டியிருக்கிறார். மாமியார் மறித்தார்.

“நிறுத்துங்க. நான் எங்கய்யா ஆசீர்வாதம் பண்ணேன்? நடந்தத எழுதுங்க.”

“அம்மா, அப்படி எழுதுனா விசா கெடைக்காதும்மா.”

“பொய்யி சொல்லி எம் மவன் எங்கயும் போக வேண்டாம்.”

அவர் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். ஸ்கேன் செய்து மாரி அனுப்பியதை வேலை இடைவேளையில் நின்றபடியே படித்தேன். ‘அந்தப் பெண் கணவனை இழந்தவள், என் மகனைவிட மூத்தவள். வேண்டாம் என்று என் மகன் காலில் விழுந்தேன். அவளைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். உறவுக்காரர்கள் யாரும் போகக்கூடாது என்று நான்தான் தடுத்தேன். அதனால்தான் படத்தில் யாரும் இல்லை. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் என் மகன் அவளோடு வாழத்தான் போகிறான், எனக்குத் தெரியும்.’ கீழே எழுத்து எழுத்தாகக் கையெழுத்து.

என்னைப் பற்றி அவ்வளவு கசப்பாக யாரும் எழுதியதில்லை. அவ்வளவு உதவியாகவும் யாரும் எழுதியதில்லை.  ஒரு வரியைக்கூட மாற்றச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, “எதையும் மென்மையாக்காதீர்கள்” என்றேன். அதிகாரி நம்புவார் என்று எனக்கு அப்போதே உறுதியாகத் தோன்றியது. இல்லாத கல்யாணத்தை எதிர்த்து எந்தத் தாய் இத்தனை கோபப்படுவாள்?

நம்பினார். சில மாதம் கழித்து, விசா பதிக்க மாரியின் பாஸ்போர்ட்டைக் கேட்டுச் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு. வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை.

“ஏட்டி, அவனுக்குச் சளி சட்டுனு பிடிக்கும். தலைக்கு ஊத்துனா நல்லாத் தொவட்டச் சொல்லு.”

“சரி அத்த” என்றேன்.  பிறகு, “வைக்கேன்” என்று வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

மாரி வந்து சேர்ந்த வாரமே கேரல் தன் மகனுடைய பழைய ஸ்கேட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோவில்பட்டி மைதானத்தில் பந்தை மட்டையோடு ஒட்டவைத்ததுபோல ஓடுகிற மனிதர், பனித்தளத்தில் இறங்கிய வேகத்தில் மல்லாந்து விழுந்தார். அங்கே பழகிக்கொண்டிருந்த சின்னக் குழந்தைகள் அவரைச் சுற்றிச் சுற்றி வழுக்கிப் போனார்கள். எழுந்து, “மறுபடியும்” என்றார். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கோடையில் புல்தரையில் எங்கள் ஹாக்கியைக் கற்றுக்கொடுக்க ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். இந்த ஊர் அவரைப் பிடித்துக்கொள்ளும். எனக்குச் சந்தேகமில்லை.

போன ஐப்பசியில் இங்கே முதல் பனி கனமாகவே கொட்டியிருந்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் முன் வாசல் பனியைத் தள்ள மாரி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. ஊரில் அப்போது அந்திநேரம். அத்தைதான். உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த நிலத்தில் மழை இறங்கியிருக்கிறது. பேச்சுக்கூட இல்லை, போனைக் கூரைக்கு வெளியே நீட்டிப் பிடித்திருக்கிறார். எனக்கே கேட்ட அந்தச் சடசடவென்ற சத்தத்துக்கு நடுவே, “கேக்குதாலே?” என்று மட்டும் வந்தது.

“கேக்குதும்மா” என்றார் மாரி.

திறந்த கதவருகே ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். ஒரு கையில் பனி அள்ளும் மண்வெட்டி, இன்னொரு கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அப்படியே நின்றார். வெளியிலிருந்து பனித்தூள் பறந்துவந்து அவருடைய வெறும் பாதத்தின் மேல் விழுந்து கரைந்துகொண்டிருந்தது. குளிர் வீட்டுக்குள் ஏறியது. கதவைச் சாத்துங்கள் என்று நான் சொல்லவில்லை.